பிளக் கருகுதா, வால்வு கசியுதா: பழைய புல்லட்டுக்கு எந்த வேலை பார்ப்பது?

என் மச்சானிடம் இருப்பது 1986-ஆம் வருடத்துப் புல்லட் 350. மாமனார் வாங்கிய வண்டி. திருவொற்றியூரில் தயாராகி, பக்கத்திலேயே காலடிப்பேட்டையில் குடியேறி, இத்தனை வருடமும் பெரும்பாலும் எர்ணாவூர் மேம்பாலத்துக்கும் தங்கசாலைக்கும் நடுவிலேயே ஓடியிருக்கிறது. போன ஐப்பசி மழையில் அது அடம்பிடிக்க ஆரம்பித்தது. காலையில் பத்து உதை, பன்னிரண்டு உதை. கிளம்பினாலும் நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்குள் பிளக் கரிக்கட்டையாகிவிடும். கழற்றித் துடைத்துப் போட்டால் இரண்டு நாள் ஓடும், அப்புறம் அதே கதை.

மச்சான் மூன்று பேரிடம் கேட்டிருக்கிறான், மூன்று பதில் வந்திருக்கிறது. ஸ்பேர்ஸ் கடையில், "சூடான பிளக் ஒண்ணு போடுங்க, சரியாகிடும்" என்றார்கள். ஒரு மெக்கானிக், "ஆஃப் இன்ஜின் இறக்கிடலாம், போர் போட்டுப் புது பிஸ்டன்" என்றார், அதாவது இன்ஜினின் மேல்பாதியைப் பிரித்து, சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கிப் புது பிஸ்டன் போடுவது. கூட வேலை செய்கிறவர், பழைய உதிரிபாகம் விற்கிற புதுப்பேட்டையில் வேறு இன்ஜின் பார்த்து மாற்றிவிடச் சொன்னார். கடைசியில் என்னிடம் வந்து, "மாமா, இதுல எதைத்தான் செய்யறது?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் தேடிய விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே குழப்பத்தில் பழைய வண்டியோடு நிற்கிறவர்கள் வடசென்னையில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பித்தார்கள். நம் ஊரில் ஒவ்வொரு தெருவிலும் இந்த இன்ஜினைப் பிரித்துப் பார்த்த ஒருவராவது இருப்பதற்கு அந்தத் தொழிற்சாலை ஒரு முக்கியக் காரணம். 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சிசி. நீளமான ஸ்ட்ரோக், கனமான ஃப்ளைவீல், குறைந்த கம்ப்ரஷன் (உள்ளே கலவையை அழுத்தும் அளவு). இதனால் ஒரு நன்மையும் ஒரு கெடுதலும் உண்டு. உடம்பு சரியில்லாவிட்டாலும் இது ஓடிக்கொண்டே இருக்கும். புது வண்டி இன்ஜின் நின்றுவிடுகிற நிலையில் இது இருமிக்கொண்டே மார்க்கெட் வரை போய் வந்துவிடும். அதனாலேயே கோளாறு முற்றுகிற வரை நாம் கவனிப்பதில்லை.

முதலில் பிளக் யோசனை. பிளக்கை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் மலிவு. ஆனால் பழைய பிளக்கைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எப்படிக் கழற்றிப் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டுக் கழற்றினால், எந்த வண்டியிலும் பிளக் கறுப்பாகத்தான் இருக்கும். மணலி சாலை மாதிரி கொஞ்சம் காலியான இடத்தில் ஒரே வேகத்தில் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி, கிளட்ச்சைப் பிடித்து அங்கேயே இன்ஜினை அணைத்து, ஓரமாக நிறுத்திக் கழற்ற வேண்டும். அப்போதுதான் பிளக் உண்மையைச் சொல்லும். கை சுடும், கிழிந்த பனியன் துணி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பீங்கான் நுனி பிஸ்கட் நிறத்திலோ வெளிர் சாம்பலாகவோ இருந்தால் உள்ளே எரிவது சரியாக எரிகிறது. விரலில் ஒட்டும் உலர்ந்த கறுப்புத் தூள் என்றால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு, அல்லது பொறி பலவீனம். ஈரமாகப் பளபளக்கும் கறுப்பு, தொட்டால் வழவழப்பு என்றால் ஆயில் மேலே வருகிறது. வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசினாற்போல் இருந்தால் காற்று அதிகமாகி இன்ஜின் சூடேறுகிறது. இதில் இப்போது ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பம்பில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டின் பழைய அளவில் கலவை கொஞ்சம் வறண்டுதான் போகும். ஆகவே இந்தக் காலத்தில் பழைய வண்டியின் பிளக் வெளுத்துத் தெரிந்தால் ஆச்சரியமில்லை. கறுத்துத் தெரிந்தால்தான், வேறு எங்கோ ஒன்று கெட்டிருக்கிறது என்று கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும்.

கடைக்காரர் சொன்ன சூடான பிளக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. பிளக் நுனி ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் தன் மேல் படிகிற கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850-ஐத் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். சூடான வகைப் பிளக் வெப்பத்தை மெதுவாகத்தான் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்குக் கடத்தும், நுனி சூடாகவே இருக்கும், கரி எரிந்துபோகும். ஆனால் ஆயில் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்து வந்துகொண்டேதான் இருக்கும். பிளக் மட்டும் அதைக் கொஞ்ச நாள் மறைத்துக்கொடுக்கும். அதற்குள் வால்வு இன்னும் தேயும். வேலைக்குப் போக வேறு வண்டியே இல்லை, அடுத்த மாதம்தான் கையில் பணம் வரும் என்கிறவருக்கு இது ஓர் இடைக்கால ஏற்பாடு, அவ்வளவுதான். அப்படிப் போடுகிறவர்கள் எண்ணைக் கவனிக்க வேண்டும். இப்போதைய பாஷ் பிளக்குகளில் எண் கூடினால் சூடு கூடும். என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் சூடு குறையும். ஒரு கம்பெனி எண்ணைச் சொல்லி இன்னொரு கம்பெனி பிளக் வாங்கி வந்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மச்சான் வண்டியின் பிளக் இரண்டு கதை சொன்னது. நுனியில் உலர்ந்த கரி. கீழ்ப்புறம் மரையின் கடைசி இரண்டு மூன்று வரிகளில் ஆயில் ஈரம். இங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள். ஒரே கோளாறு என்று நினைத்து ஒரே மருந்தைத் தேடுவார்கள். நாற்பது வருட வண்டியில் இரண்டு மூன்று கோளாறுகள் சேர்ந்தே குடியிருக்கும்.

அதனால் இன்ஜினைத் தொடுவதற்கு முன் வெளிவேலைகளை முடித்தோம். இந்த யோசனையை மூன்று பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை, இதில் செலவு கம்மி என்பதாலோ என்னவோ. ஏர் ஃபில்டரைத் திறந்தால் எண்ணூர் விரைவுச் சாலையே உள்ளே இருந்தது. அந்தக் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே தினமும் போய் வருகிற வண்டிக்கு ஃபில்டரைப் புத்தகத்தில் போட்ட கணக்குப்படி மாற்றினால் போதாது, அதில் பாதித் தூரத்திலேயே பார்த்துவிட வேண்டும். ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், கலவை கனக்கும், பிளக் கரியாகும். கார்புரேட்டரில் மிதவை ஊசி தேய்ந்து பெட்ரோல் மட்டம் ஏறியிருந்தது, அதை மாற்றினோம். பொறியை வரவழைக்கிற பாயிண்டின் முகம் கருகிக் குழி விழுந்திருந்தது. அதைத் தேய்த்து 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்து, கண்டென்சரையும் மாற்றினோம். அப்புறம் பிளக் மூடி. கடலோரத்தில் இருக்கிற நமக்கு இது தனிப் பிரச்சினை. உப்புக் காற்றின் ஈரம் மூடிக்குள் பச்சையாகப் படிந்து, பொறியின் பாதிப் பலத்தை அங்கேயே தின்றுவிடும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு வண்டியை ஓடவிட்டுப் பார்த்தால், ஒயரைச் சுற்றி நீலமாக மினுங்குவது சில சமயம் கண்ணுக்கே தெரியும். ஒயரும் மூடியும் புதிதாகப் போட்டு, பிளக் இடைவெளி 0.5 மில்லிமீட்டர் வைத்தோம்.

இந்த வேலைகளுக்குப் பிறகு உலர்ந்த கரி போய்விட்டது. கிக்கர் பத்திலிருந்து ஐந்தாகக் குறைந்தது. ஆனால் மரையில் ஆயில் ஈரம் அப்படியே. அப்படியென்றால் மீதிக் கோளாறு உள்ளேதான். இனிமேல்தான் உண்மையான கேள்வி: ஹெட் வேலையா, போர் வேலையா?

இரண்டுக்கும் செலவு வித்தியாசம் பெரிது. ஹெட்டை மட்டும் கழற்றி வால்வையும், அதன் தண்டு ஏறி இறங்கும் குழாயான கைடையும் பார்ப்பது ஒரு பங்கு என்றால், பிஸ்டன் ஓடும் சிலிண்டரான பேரலை லேத்துக்குக் கொண்டுபோய்ப் போர் போட்டு, பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றுவது தாராளமாக இரண்டு பங்குக்கு மேல் போகும். பணத்தைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. போர் போடுவது என்றால் வார்ப்பிரும்புப் பேரலிலிருந்து உலோகத்தைச் சுரண்டி எடுப்பது. எடுத்தது திரும்ப வராது. ஓவர்சைஸ் பிஸ்டன் சில படிகளுக்குத்தான் கிடைக்கும். அதற்கப்புறம் ஸ்லீவ் போட வேண்டும், அல்லது பேரலையே மாற்ற வேண்டும். தேவையில்லாமல் போடுகிற ஒவ்வொரு போரும் அந்த இன்ஜினின் ஆயுளிலிருந்து எடுக்கிற கடன்.

கருவி எதுவும் இல்லாமலே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. இக்னிஷனை அணைத்துவிட்டு, கம்ப்ரஷனை வெளியேற்றிவிடுகிற டீகம்ப்ரஸர் லீவரைத் தொடாமல், கிக்கரை மெல்ல அழுத்திக் கம்ப்ரஷன் தட்டுகிற இடத்தில் நிறுத்துங்கள். பிறகு உடம்பின் பாரத்தைக் கிக்கர் மேல் வையுங்கள். நல்ல இன்ஜின் உங்களைச் சில நொடிகள் தாங்கிப் பிடித்து, மெதுவாக இறக்கிவிடும். கெட்டது சட்டென்று கீழே விட்டுவிடும். அப்போது காற்று எங்கே தப்பிக்கிறது என்று இன்னொருவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கார்புரேட்டர் வாயில் 'உஸ்' என்றால் இன்லெட் வால்வு. சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. இன்ஜின் அடிப்பாகத்துக் காற்றை வெளியேவிடும் பிரீதர் குழாயில் கேட்டால் பிஸ்டனைச் சுற்றிய ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. மச்சான் கிக்கரில் நிற்க, நான் சைலன்சர் பக்கம் குனிந்தேன். தெளிவாகக் கேட்டது.

இங்கே அவசரப்படக் கூடாது. பழைய புல்லட்டின் ஹெட்டில் டீகம்ப்ரஸர் என்று ஒரு குட்டி வால்வு இருக்கிறதே, அது கசிந்தாலும் காற்று சைலன்சர் வழியாகத்தான் வெளியே வரும். எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துபோய்விட்டது என்று ஹெட்டைக் கழற்றி, கடைசியில் டீகம்ப்ரஸர் கேபிள் இழுப்பாக இருந்ததுதான் காரணம் என்று தெரிந்தால் எவ்வளவு வீண். கேபிளைத் தளர்த்தி லீவரில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும்படி வைத்துவிட்டு மறுபடி நின்று பாருங்கள். நாங்கள் பார்த்தோம். சத்தம் குறையவில்லை.

அப்புறம் கம்ப்ரஷன் கேஜ். தெரிந்த பட்டறையில் இரவல் வாங்கினேன். ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திறந்து வைத்து உதைத்ததில் ஊசி 60 psi-ல் நின்றது. இந்த மாதிரிக் குறைந்த கம்ப்ரஷன் இன்ஜினில் 100-ஐ ஒட்டி இருந்தால் திருப்தி. பிறகு பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, நாலு முறை உதைத்துப் பரவவிட்டு, மறுபடி அளந்தோம். 65. இந்த இரண்டாவது எண்தான் வழக்கைத் தீர்த்தது. விட்ட ஆயில் பிஸ்டனைச் சுற்றித் தங்கி ரிங் இடைவெளியை அடைக்கும். ரிங் தேய்ந்த இன்ஜின் என்றால் ஊசி நன்றாக ஏறியிருக்கும். வால்வு வழிக் கசிவை அந்த ஆயிலால் அடைக்க முடியாது. ஊசி ஐந்து மட்டும் ஏறியது என்றால் ரிங் மேல் பழியைப் போட முடியாது.

புகையும் அதையே சொன்னது. எர்ணாவூர் பாலத்தில் ஏறும்போது, இன்ஜின் பாரம் இழுக்கும்போது, பின்னால் புகை இல்லை. பாலத்திலிருந்து ஆக்ஸிலரேட்டரை மூடிக்கொண்டு இறங்கி, கீழே வந்து மறுபடி திறந்தால் நீலமாக ஒரு கொத்து. ஆக்ஸிலரேட்டரை மூடி இறங்கும்போது இன்லெட் பக்கம் உறிஞ்சல் அதிகம். வால்வுத் தண்டுக்கும் கைடுக்கும் நடுவே இடைவெளி இருந்தால், ராக்கர் பக்கத்து ஆயிலை அது உள்ளே இழுத்துவிடும். ரிங் போன வண்டி பாரத்தில்தான் அதிகம் புகைக்கும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பல நாள் நின்ற புல்லட்டைக் கிளப்பினால் முதல் சில நிமிடம் ஊரையே மறைக்கிற அளவுக்குப் புகை வரலாம். நிற்கும்போது ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் சேர்ந்துவிடுவதால் வருவது அது. ஓட ஓடத் தெளிந்துவிட்டால், அதை வைத்து மட்டும் போர் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

போர் போடச் சொன்ன மெக்கானிக்கிடம் இதையெல்லாம் போய்ச் சொன்னேன். அவர் மறுத்துப் பேசியதிலும் பொருள் இருந்தது. "ஹெட்டை மட்டும் டைட் பண்ணினா கம்ப்ரஷன் ஏறிடும், பழைய ரிங் தாங்காது, ஆறு மாசத்துல மறுபடி என்கிட்டதான் வருவீங்க" என்றார். தேய்ந்த போரில் இது உண்மைதான். அதற்காகத்தான் ஹெட்டைக் கழற்றியதும் பேரலின் மேல் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். ரிங் ஏறி இறங்குகிற எல்லைக்கு மேலே தேயாத இரும்பு ஒரு படியாக நிற்கும். நகம் அதில் நன்றாகத் தடுக்கினால், அல்லது சுவரில் நெடுக்குக் கீறல்கள் இருந்தால், அவர் சொல்வதுதான் சரி. அப்போது பேரலை லேத் பட்டறைக்கு அனுப்பி, மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக டயல் கேஜில் அளக்கச் சொல்ல வேண்டும். அளவைக் காகிதத்தில் எழுதித் தராதவரிடம் போர் போடக் கொடுக்காதீர்கள். எங்கள் பேரலில் நகம் லேசாகத்தான் உணர்ந்தது, கீறல் இல்லை. அதனால் பேரலைத் தூக்கவே இல்லை. ஓடிப் பழகிய ரிங்கைக் கழற்றி மறுபடி மாட்டினால் அது முன்போல் உட்காராமல் போகலாம்.

புதுப்பேட்டை இன்ஜின் பற்றி ஒரு பத்தி போதும். கழற்றி வைத்த இன்ஜினின் உள்நிலை யாருக்கும் தெரியாது, இதே சோதனைகளை அதற்கும் செய்தாக வேண்டும். தவிர இன்ஜின் எண் ஆர்.சி.யில் இருக்கிறது. மாற்றினால் ஆர்டிஓ அலுவலகத்தில் முறையாகப் பதிய வேண்டும், வாங்குகிற இன்ஜினுக்குக் கணக்கு வழக்கு இருக்க வேண்டும். கிராங்க்கேஸே உடைந்துபோனவருக்குத்தான் இந்த வழி. மாமனார் வாங்கிய வண்டியில் அவர் வாங்கிய இன்ஜினே இருக்கட்டும் என்பது எங்கள் வீட்டு ஆசையும்கூட.

ஆக, ஹெட் வேலை. கழற்றிப் பார்த்ததில் எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தில் ஒரு பக்கம் கருகிக் குழி விழுந்திருந்தது. இன்லெட் வால்வைக் கைடுக்குள் வைத்து ஆட்டினால் கையில் தெளிவாக ஆட்டம் தெரிந்தது. போர்ட்டுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு வால்வின் முகப்பைப் பார்த்தால், எக்ஸாஸ்ட் பக்கம் வியர்த்து வழிந்தது. எக்ஸாஸ்ட் வால்வு ஏன் எரிந்தது என்று தேடியபோது கிடைத்த காரணம் சின்னதுதான். வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி, அதாவது டேப்பட், இறுகிப்போயிருந்தது. வால்வு, தான் உட்காரும் விளிம்பான சீட்டில் அடித்து அடித்து மெல்ல உள்ளே புதையும்போது தண்டு மேலே ஏறும், டேப்பட் இடைவெளி குறையும். பழைய பெட்ரோலில் இருந்த ஈயம் சீட்டுக்கு ஒரு பூச்சு மாதிரி பாதுகாப்பு கொடுத்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல்தான். ஊருக்கும் குழந்தைகளுக்கும் அது நல்லது, அதில் மறுபேச்சே கிடையாது. ஆனால் ஈயக் காலத்து இன்ஜின் வைத்திருப்பவர்கள் டேப்பட்டை முன்பைவிட அடிக்கடி பார்த்தாக வேண்டும். இறுகிய டேப்பட் வால்வை முழுதாக மூட விடாது. மூடாத வால்வு தன் சூட்டைச் சீட்டுக்குக் கொடுக்க முடியாமல் எரியும். ஐந்து வருடமாக யாரும் டேப்பட் மூடியைத் திறக்கவில்லை என்று மச்சான் ஒப்புக்கொண்டான்.

வேலை கொடுக்கும்போது வரிசை முக்கியம். முதலில் கைடு, பிறகுதான் சீட், கடைசியில் லேப்பிங், அதாவது வால்வைச் சீட்டில் பசை போட்டுத் தேய்த்துப் பொருத்துவது. சீட் வெட்டுகிற கருவி கைடைப் பிடிமானமாக வைத்துத்தான் சுற்றும். தேய்ந்த கைடை வைத்துக்கொண்டு சீட்டை 45 டிகிரியில் எவ்வளவு அழகாக வெட்டினாலும், அது நடுவில் உட்காராது. செலவைக் குறைக்கிறேன் என்று கைடை விட்டுவிட்டு லேப்பிங் பேஸ்ட் மட்டும் போட்டுத் தேய்த்துக் கொடுக்கிற வேலை சில மாதம்கூடத் தாங்காது. தண்டையார்பேட்டையில் ஒரு பெரியவரின் பட்டறையில் கொடுத்தோம். லேப்பிங் முடிந்ததும் வால்வின் முகத்தில் சுற்றிலும் ஒரே அகலத்தில் மங்கலான சாம்பல் வளையம் தெரிகிறதா என்று அவரே காட்டினார். எங்கேயும் அறுந்திருக்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு ஒரு டீ குடித்து வந்தோம், ஒரு சொட்டு இறங்கவில்லை.

மாட்டிய பிறகு டேப்பட். இதில் வால்வைத் தள்ளித் திறக்கும் புஷ்ராடு தண்டுகள் அலுமினியத்தால் ஆனவை. குளிர்ந்த நிலையில், பிஸ்டன் கம்ப்ரஷன் மேல்முனையில் இருக்கும்போது, புஷ்ராடு விரலுக்குத் தாராளமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஃபீலர் கேஜ் தேவையில்லை. காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன் செய்ய வேண்டும். மார்க்கெட் போய்விட்டு வந்து சூடான இன்ஜினில் வைத்த டேப்பட் எதற்கும் உதவாது. 500 கிலோமீட்டர் கழித்து ஹெட் போல்ட்டுகளை மறுபடி இறுக்கி, டேப்பட்டையும் மறுபடி பார்த்தோம். எக்ஸாஸ்ட் பக்கம் கொஞ்சம் இறுகியிருந்தது, சரி செய்தோம்.

இப்போது கேஜில் 95 காட்டுகிறது. இரண்டாவது உதையில் கிளம்புகிறது. வண்டி 1,400 கிலோமீட்டர் ஓடிவிட்டது, பிளக் பிஸ்கட் நிறம், மரை உலர்ந்தே இருக்கிறது. மெக்கானிக் சொன்ன ஆறு மாதத்தையும் நான் மறக்கவில்லை. மாதம் ஒருமுறை ஆயில் மட்டத்தைக் குறித்து வைக்கவும், பாலம் ஏறும்போது கண்ணாடியில் பின்னால் பார்க்கவும் மச்சானிடம் சொல்லியிருக்கிறேன். ஏற்றத்தில் நீலப் புகை தெரிகிற அன்று பேரலைத் தூக்கி, டயல் கேஜோடு அதே மெக்கானிக்கிடம் போவோம்.